கடைசி ஸ்டாப் வறுவல்

“ஏய் மௌனசாமி, இங்க வா. மூணு விஷயம் சொல்றேன், காதுல வாங்கிக்கோ.”

விடுமுறையின் முதல் நாள், காலை ஏழு மணி. வாசல் கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு ஜோடி காலுறைகளுக்கு மேல் மூன்றாவது ஜோடியை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார் கேப்டன். பள்ளிக்கூடம் மூடிவிட்டாலும் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு வேலை இருந்தது. வருடாந்திரப் பரிசோதனைக்காக அதை டிப்போவில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். திரும்பி வர மதியமாகும்.

“சொல்லுங்க அண்ணி” என்றாள் அவள்.

“ஒண்ணு. பின் அறைக் கதவைத் திறந்தா உடனே மூடிடணும். இந்தப் பக்கத்து ஹீட்டர் சூடு அங்க போகவே கூடாது. அங்க அஞ்சு டிகிரி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.”

“சரி.”

“ரெண்டு. உன் புருஷனை எழுப்பி, அந்தக் காய்கறிக் குப்பை வாளியைத் தோட்டத்து உரத்தொட்டியில கொட்டச் சொல்லு. நேத்தே சொன்னேன். முந்தாநாளும் சொன்னேன். துரை இன்னும் அசையல.”

“சரி.”

“மூணு. பஸ் பிள்ளைங்க வீட்டுல லீவுக்குக் குடுத்ததெல்லாம் பின் அறையிலதான் வெச்சிருக்கேன். கேரட், ஆப்பிள், கிழங்கு, என்னென்னவோ இருக்கு. மாமா மதியச் சாப்பாட்டுக்கு வந்திடுவார். எது வேணுமோ எடுத்துச் சமைச்சுக்கோ. ஒவ்வொண்ணுக்கும் என்னைக் கேட்டுட்டு நிக்காதே.”

“சரி அண்ணி.”

“இந்த ‘சரி’யைத் தவிர வேற வார்த்தை ஏதாவது வெச்சிருக்கியா, இல்ல வர்ற வழியில நான் வாங்கிட்டு வரணுமா?”

அவள் சிரித்தாள். கேப்டன் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார். கதவு திறந்து மூடிய அந்த ஒரு நொடியில் உள்ளே புகுந்த குளிர், வீடு பார்க்க வந்த ஆள் மாதிரி நடைவழி முழுக்க ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் அடங்கியது.

பேச்சு இவ்வளவுதான். பிற்பாடு அவள் இதை எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தைகூட பிசகவில்லை. சொன்னவரும் சரியாகத்தான் சொன்னார், கேட்டவளும் சரியாகத்தான் கேட்டாள். இருந்தும் மதியத்துக்குள் அந்த வீட்டில் நடக்கக் கூடாதது நடந்துவிட்டது.

கேப்டன் என்பது அவள் கணவனின் அக்கா. பதினெட்டு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற குரல். அந்தக் குரலுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர், பெற்றோர்களுக்குப் பரவி, தெருவுக்குப் பரவி, கடைசியில் வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்பவர்களிடம், “ஸ்டியரிங் ஒருத்தர் கையிலதான் இருக்க முடியும்” என்பார். தம்பிக்கு இந்த ஊருக்கு வேலை மாற்றலானபோது, “வாடகை வீடு தேடி அலையாதீங்க, இங்கேயே வந்து இருங்க” என்று சொன்னவரும் அவர்தான். அவர்கள் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

மூன்று மாதத்தில் அவள் அந்த வீட்டில் பேசியது ஒரு தபால் அட்டையில் அடங்கிவிடும். கோபமோ பயமோ இல்லை, சுபாவமே அப்படி. மனதுக்குள் வாக்கியத்தை அமைத்து, திருத்தி, சரிபார்த்து வாய்க்குக் கொண்டுவருவதற்குள் மற்றவர்கள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அதனாலேயே கைவேலையில் ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று அவளுக்குள் ஒரு துடிப்பு. விருந்தாளி மாதிரி இருந்து இருந்து அலுத்துவிட்டது. “எடுத்துச் சமைச்சுக்கோ, கேட்டுட்டு நிக்காதே” என்ற வார்த்தை அவளுக்குத் தேனாக இனித்தது.

அந்த ஊரில் வெயில் என்பது விருந்துக்கு வந்த உறவு மாதிரி. மூன்றரை மாதம் இருக்கும், பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். மீதி மாதமெல்லாம் காற்று, உறைபனி, நடுவில் திடீரென்று ஆலங்கட்டி. மண் இரும்பாக இறுகிவிடும். அப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு இருபதடி நிலத்தை வைத்துக்கொண்டு கேப்டன் மல்லுக்கு நின்றார். டிப்போவில் உடைத்துப் போட்ட பஸ்களின் ஜன்னல் கண்ணாடிதான் நாற்றுப் பெட்டிகளுக்கு மூடி. கிழிந்த சீட் உறைகள், பனி இறங்கும் நாட்களில் செடிகளுக்குப் போர்வை. தக்காளிக்கு முட்டுக் கொடுத்திருந்தது பஸ்ஸின் கைப்பிடிக் கம்பி. தூரத்திலிருந்து பார்த்தால், ஒரு பஸ் அங்கே வந்து மெதுவாக மண்ணுக்குள் இறங்கிவிட்டதோ என்று தோன்றும்.

செடிகளுக்குப் பெயர் வைப்பதிலும் அவருக்குத் தனி வழி. கடைக்காரர்கள் வைத்த பெயர் எதுவும் வாயில் நுழையாது என்பார். ரூட் நம்பரும் ஸ்டாப்பின் பெயரும்தான். “நாலாம் நம்பர் மில் கேட் இந்த வருஷம் காய்க்கவே இல்ல” என்றால் அது ஒரு வெள்ளரிக்கொடி.

எல்லாவற்றிலும் மேலே ஒன்று இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால், கலவையாக வந்த டேலியா விதைகளைத் தூவியதில் முளைத்த ஒரு செடி. பூவின் வெளி இதழ் கத்திரிப்பூ நிறம், உள்ளே போகப் போக அணையப் போகிற தணல் நிறம். அப்படி ஒன்றை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஏழாம் நம்பர் ரூட்டின் கடைசி ஸ்டாப்பில், வெட்டவெளியில், காலை ஆறே முக்காலுக்கு பஸ்ஸைத் திருப்பி நிறுத்திவிட்டு எட்டு நிமிஷம் காத்திருப்பார் கேப்டன். நாள் முழுக்கச் சத்தத்தில் இருக்கிறவருக்குக் கிடைக்கிற எட்டு நிமிஷ அமைதி அது. அப்போது கிழக்கே தெரிகிற வானத்தின் நிறம்தான் அந்தப் பூவுக்கு. அதனால் அதன் பெயர் ‘கடைசி ஸ்டாப்’.

ஊரின் கோடைக்காலப் பூக்காட்சியில் ஆறு வருஷமாகத் தொடர்ந்து முதலில் வருகிறவர் அடுத்த தெருத் தபால்காரர். போன கோடையில் அவர் சைக்கிளை நிறுத்தி, வேலிமேல் கைவைத்து, இந்தப் பூவைக் கால் மணி நேரம் பார்த்துவிட்டு, பேசாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கடிதத்தைக் கொடுக்கவும் மறந்துவிட்டார். அன்று ராத்திரியே கேப்டன் அடுத்த கோடைக் காட்சியின் ‘புதுப் பூ’ பிரிவுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்.

அந்தக் குளிரை டேலியா மண்ணுக்குள் தாங்காது. முதல் பனியில் செடி கருகியதும் கிழங்கைத் தோண்டி எடுத்து, மரத்தூளில் புதைத்து, ஐந்து டிகிரியில் தூங்க வைக்க வேண்டும். கடைசி ஸ்டாப்புக்கு இருந்தது ஒரே ஒரு கிழங்குக் கொத்து. ஒன்பது விரல்கள். உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. இந்தத் தம்பதி வந்து சேர்வதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால் அது ஒரு காய்கறிப் பெட்டியில் மரத்தூளுக்குள் படுத்து, பின் அறைக்குப் போய்விட்டது. பெட்டியின் மேல் கேப்டனின் கோணல் எழுத்தில் ‘7 – கடைசி ஸ்டாப்’ என்று இருந்தது. அதை ஒட்டி, பிள்ளைகள் வீட்டிலிருந்து வந்த பெட்டிகள். அவற்றின் மேலும், எந்த ஸ்டாப் பிள்ளைகள் கொடுத்தது என்று, அதே கோணல் எழுத்து: ‘3 – பாலம்’, ‘5 – ஆஸ்பத்திரி’.

அடுக்குமாடிக் குடியிருப்பில், ஐந்தாவது மாடியில் வளர்ந்தவள் அவள். டேலியா கிழங்கிலிருந்து வரும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. ‘பாலம்’ பெட்டியில் கேரட் இருந்தது. ‘ஆஸ்பத்திரி’ பெட்டியில் ஆப்பிள். ‘கடைசி ஸ்டாப்’ பெட்டியில் மரத்தூளைத் தள்ளிப் பார்த்தால், அழகான நீளக் கிழங்கு. கடைசி ஸ்டாப் என்றால் ஊருக்கு வெளியே, பண்ணை வீடாக இருக்கும், எவ்வளவு அக்கறையாகத் தூளில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கதவை உடனே மூடினாள். அதில் குறை சொல்ல முடியாது.

கிழங்கின் மேல்தலை கட்டைபோல இருந்ததால் கத்தி இறங்கவில்லை. இரண்டு விரற்கடை தள்ளி, சதையோடு சேர்த்தே ஒன்பது தலையையும் வெட்டிக் குப்பை வாளியில் போட்டாள். மீதியைத் தோல் சீவி, வட்டமாக நறுக்கி, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு மொறுமொறுவென்று வறுத்தாள். வாசனை கூடம்வரை போயிற்று. அதுதான் அவள் கணவனைப் படுக்கையிலிருந்து எழுப்பியது.

“வாளியைக் கொட்டிட்டு வந்திடுங்க. அண்ணி வந்தா கத்துவாங்க” என்றாள்.

அவன் பின்பக்கம் போனான். இரண்டே நிமிஷத்தில் திரும்பினான். “உரத்தொட்டி மூடி உறைஞ்சு ஒட்டிக்கிச்சு. வெந்நீர் ஊத்தினாத்தான் திறக்கும். சாயந்திரம் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு சோபாவில் சரிந்தான். வாளி பின்கதவுக்கு உள்பக்கமே நின்றது.

மதியம் மாமா வந்தார், விடுமுறை முழுக்கத் தங்குவதற்கான பெட்டியோடு. கேப்டனுக்கும் தம்பிக்கும் தாய்மாமன், ஓய்வுபெற்ற பல் டாக்டர். எங்கே போனாலும் கோட்டுப் பையில் தொழில் சாமான் இரண்டு வைத்திருப்பார்; பழக்கதோஷம். அவருக்குப் பின்னாலேயே கேப்டனும் வந்து, பூட்ஸிலிருந்த பனியை உதறிவிட்டு நேரே சாப்பாட்டு மேசைக்கு வந்தார். டிப்போவில் இரண்டு மணி நேரம் குளிரில் நின்ற பசி.

வறுவல் தட்டுக்கு வந்தது. மாமா இரண்டு வட்டத்தை மென்று, யோசித்து, “என்ன கிழங்கும்மா இது? முள்ளங்கிக்கும் உருளைக்கும் சம்பந்தம் பேசி முடிச்ச மாதிரி இருக்கு” என்றார்.

“நல்லாத்தானே இருக்கு. மிளகு தூக்கலா இருக்கு” என்றார் கேப்டன். இரண்டாம் தடவை அவரே அள்ளிப் போட்டுக்கொண்டார்.

“நார் பல்லுல மாட்டுது. நான் ரிட்டயர் ஆகாம இருந்திருக்கலாம்.”

“மாமா, குறை சொல்லாம சாப்பிடுங்க. புள்ள முதல் தடவையா தானா ஒண்ணு செஞ்சிருக்கு. ஏய் மௌனசாமி, சூப்பர்.”

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. மூன்று மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் ‘சூப்பர்’. எழுந்துபோய் இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து வைத்தாள். மாமாகூட மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டார். கிண்ணம் வழித்துத் துடைத்த மாதிரி ஆயிற்று.

சாப்பிட்ட கையோடு கேப்டன் பின் அறைக்குப் போனார். வாரத்துக்கு ஒருமுறை கிழங்குகளைப் புரட்டி, அழுகல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். கதவு மூடிய சத்தம் கேட்டது. அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. அந்த வீட்டில், கேப்டன் இருக்கிற வீட்டில், ஐந்து நிமிஷம் சத்தமில்லை. தம்பி சோபாவிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கேப்டன் வந்தார். கையில் பெட்டி. அதில் மரத்தூள் மட்டும். பெட்டியைப் பார்த்தார், மேசைமேல் காலிக் கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு தன் வயிற்றைப் பார்த்தார்.

“ரெண்டு தடவை வாங்கித் தின்னேனே” என்றார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னக்கா?” என்றான் தம்பி.

“பூடா. என் கடைசி ஸ்டாப்டா.”

குளிர்பதனப் பெட்டிமேல் ஒட்டியிருந்த பூவின் படத்தை அவள் பார்த்தாள். கேப்டன் கையிலிருந்த பெட்டியின் எழுத்தைப் பார்த்தாள். கேப்டன் கத்தியிருந்தால் தேவலை. வாயடைத்து உட்கார்ந்திருப்பதைத்தான் பார்க்க முடியவில்லை. அந்த மௌனத்தை யாராவது உடைக்க வேண்டும். வேறு யாரும் உடைக்கவில்லை. திருத்தவும் இல்லை, சரிபார்க்கவும் இல்லை, அவள் வாயிலிருந்து அடைப்பு எடுத்த குழாய் மாதிரி கொட்டத் தொடங்கியது.

“நான்தான் அண்ணி எடுத்தேன், பிள்ளைங்க வீட்டுல குடுத்ததுன்னு நினைச்சேன், பாலம்னா கேரட், ஆஸ்பத்திரின்னா ஆப்பிள், அப்போ இதுவும் அப்படித்தான்னு நினைச்சேன், எனக்கு டேலியா கிழங்குல வரும்னே தெரியாது, ஒன்பதையும் எடுத்தேன், தோல் சீவினேன், தலை கட்டையா இருந்துச்சு, கத்தி போகல, அதனால அதை மட்டும் வெட்டிப் போட்டுட்டேன், மீதியை…”

“நிறுத்து.” கேப்டன் நிமிர்ந்தார். “தலையை என்ன செஞ்ச?”

“வெட்டிப் போட்டுட்டேன்.”

“எங்க?”

“வாளியில.”

“முளைக்கண்ணு தலையிலதான் இருக்கும், கிழங்குல இல்ல.” கேப்டன் எழுந்துவிட்டார். “வாளி எங்க?”

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். வெளியே அன்றைக்கு மைனஸ் இருபத்திரண்டு. உரத்தொட்டிக்குள் போயிருந்தால் இந்நேரம் கல்லாகி, உயிர் போயிருக்கும்.

“அக்கா, நான் கொட்டத்தான் போனேன், மூடி உறைஞ்சு…” என்று இழுத்தான் அவன்.

“உன் பூட்ஸ் காலையிலேர்ந்து காஞ்சு போய்க் கிடக்கு. நீ வாசப்படியைத் தாண்டலடா. புளுகாதே. வாளி எங்க, அதைச் சொல்லு!”

“பின்கதவுகிட்ட. உள்ளதான்.”

கேப்டன் அவன் தலையைப் பிடித்து உச்சியில் ஒரு முத்தம் கொடுத்தார். “சோம்பேறி! என் ராசா! இப்படியே இருடா, திருந்திடாதே!”

வாளி சாப்பாட்டு மேசைமேலேயே கவிழ்ந்தது, பழைய செய்தித்தாள் விரித்து. நாலு பேரும் சுற்றி நின்று கேரட் தோலையும் முட்டை ஓட்டையும் விலக்கித் தேடினார்கள். அவள்தான் எண்ணினாள்: ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதாவது டீத்தூளுக்கு அடியில் இருந்தது. மாமா கோட்டுப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டு, கூர்க்கம்பியால் ஒவ்வொரு தலையையும் மெல்லத் தட்டிப் பார்த்தார்.

“இது சொத்தை. எடுத்திட வேண்டியதுதான். இது… ம், வாயைத் திற, அப்படித்தான். இதுல ஒரு மேடு தெரியுது.”

“கண்ணா மாமா?”

“பல்லா இருந்தா நாளைக்கு வரச் சொல்லியிருப்பேன். கண்ணுன்னுதான் நினைக்கிறேன்.”

ஐந்து தேறின. வெட்டுவாயில் அழுகல் பிடிக்காமலிருக்கக் கேப்டன் பட்டைப்பொடி பூசினார். “நல்லவேளை உனக்குச் சிக்கனமா வெட்டத் தெரியல” என்று அவளிடம் சொன்னார். “ஒட்ட வெட்டியிருந்தா கதை முடிஞ்சிருக்கும்.” திட்டா, பாராட்டா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். ஐந்தும் ஐந்து தயிர் டப்பாவில் ஈர மணலுக்குள் இறங்கி, குளிர்பதனப் பெட்டியின் மேல், பின்பக்கச் சூடு படுகிற இடத்தில் வரிசையாக உட்கார்ந்தன.

அந்த விடுமுறைக்குக் கேப்டன் பெரிய திட்டம் போட்டிருந்தார். தொட்டி கழுவ வேண்டும், கத்தரிகளைச் சாணை பிடிக்க வேண்டும், விதைப் பொட்டலங்களைப் பிரித்து அடுக்க வேண்டும். எல்லாம் நடந்தது, ஆனால் அரை மனதோடு. மணிக்கு ஒருமுறை யாராவது ஒருவர் ஸ்டூல் போட்டு ஏறி டப்பாக்களை எட்டிப் பார்த்தார். தண்ணீர் விடக் கூடாது என்று மாமாவிடம் தனியாகச் சத்தியம் வாங்கவேண்டி வந்தது. முதல் வாரத்தில் ஒன்று குழைந்துபோயிற்று. இரண்டாம் வாரம் இன்னொன்று. விடுமுறை முடிந்து, மாமா ஊருக்குக் கிளம்பும்போது மூன்று. “நோயாளியை விட்டுட்டுப் போறேன், போன்ல நிலவரம் சொல்லு” என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். பள்ளிக்கூடம் திறந்த மூன்றாம் நாள் ஒன்று சுருங்கிக் காய்ந்தது. மீதி இரண்டு.

கேப்டன் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளைக் குடைந்தது. தினமும் விடிவதற்கு முன்னால், கேப்டன் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனதும், ஸ்டூலில் ஏறி டார்ச் அடித்துப் பார்ப்பாள். மணல். வெறும் மணல். சாயந்திரம் கேப்டன் வந்து தொப்பியைக் கழற்றும்போதே புருவத்தை உயர்த்துவார். அவள் தலையை ஆட்டுவாள். அவ்வளவுதான் உரையாடல்.

ஐந்தாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, டார்ச் வெளிச்சத்தில், இரண்டாவது டப்பாவின் மணலில் ஒரு விரிசல். நடுவில் அரிசிமணி அளவுக்கு ஒரு மூக்கு, ஊதா நிறத்தில்.

மணி பார்த்தாள். ஆறு நாற்பத்தாறு. ஓட்டும்போது கேப்டன் போனைத் தொடமாட்டார். ஆனால் இப்போது பஸ் கடைசி ஸ்டாப்பில் நின்றிருக்கும். அவள் யாருக்கும் போன் செய்கிறவளில்லை. சேதியைத் தட்டி அனுப்பிவிடுவது வழக்கம். ஸ்டூலில் நின்றபடியே போன் போட்டாள்.

“என்ன ஆச்சு? வீட்டுல யாருக்கு என்ன?” கேப்டன் குரல் பதறியது. அவள் போனே செய்ததில்லையே.

“அண்ணி, வந்திடுச்சு. ரெண்டாவது டப்பா. ஊதாவா இருக்கு, குண்டா இருக்கு, கொஞ்சம் சாஞ்சு நிக்குது, பக்கத்துல இன்னொண்ணு வர்ற மாதிரியும் இருக்கு, நான் தொடல அண்ணி, பயமா இருக்கு, மேசை விளக்கை எடுத்து வைக்கட்டுமா, எவ்வளவு தூரத்துல வைக்கணும்…”

மறுமுனையில் இன்ஜின் உறுமல் மட்டும் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“குளிருது இங்க” என்றார் கேப்டன். “ஒரு சாண் தூரத்துல வை. இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. பேசு, பேசிக்கிட்டே இரு.”

அவள் ஆறு நிமிஷமும் பேசினாள்.

அன்று சாயந்திரம் கேப்டன் தொப்பியைக் கழற்றவில்லை, பூட்ஸையும் கழற்றவில்லை. நேரே சமையலறைக்கு வந்து, விளக்கின் கீழே இருந்த டப்பாவை எல்லாப் பக்கமும் குனிந்து பார்த்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்து, கையால் நீவிவிட்டார். பூக்காட்சிக்காரர்கள் அனுப்பிய படிவம். மேலே அவருடைய கோணல் எழுத்தில் பெயரும் முகவரியும். கீழே, ‘இந்தப் பூ வந்த விதம்’ என்ற தலைப்புக்கு அடியில் கட்டம் காலியாக இருந்தது.

“இதை ரெண்டு பாஷையிலயும் எழுதித் தரணுமாம். நான் ஒரு பாஷையில எழுதினாலே என்னாலயே படிக்க முடியாது. நீதான் ரெண்டும் படிச்சவ” என்றார். “எழுதிக் குடு, பொண்ணே. அஞ்சு வரிக்குத்தான் இடம் விட்டிருக்கான், பரவாயில்ல, தாள் ஒட்டிக்கலாம். பஸ்ஸைச் சொல்லு, வானத்தைச் சொல்லு. உன் புருஷன் வாளியைக் கொட்டாததையும் சொல்லு. அந்தத் தபால்காரர் படிப்பார், தின்ன பிறகும் பொழைச்சு வந்த பூன்னு அவருக்குத் தெரியணும், அதனால வறுவலை மட்டும் விட்டுடாதே.”